தலைமாட்டில் நிற்பது

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அப்படித்தான்.

குருவின் பெயர் நஸ்ரின். ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். சீடர் தமயந்தி. மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நாற்பது நாள் பயிற்சிக்கு வந்தவர். நஸ்ரின் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த வருஷம் தமயந்தி தன் முதல் பிரசவத்தைப் பார்த்தார். இதுவரை மூவாயிரத்துச் சொச்சம் பார்த்தாயிற்று. "பேரன் எடுக்கிற வயசுல பள்ளிக்கூடமா சிஸ்டர்?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பண்ணித்தான் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அவர் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. பிரசவ அறை வேண்டாம், சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற பக்கம் என்னைப் போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார். சுகாதார நிலையத்து டாக்டர் அதை வாங்கவில்லை. "பயிற்சி முடிச்சிட்டு வாங்க. அதுக்கப்புறமும் குடுத்தீங்கன்னா கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லியிருந்தார்.

முதல் நாள் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு தமயந்தி பயிற்சி அறையிலேயே நின்றார். மேஜைமேல் துணிக்குழந்தையும் பிளாஸ்டிக் இடுப்பெலும்பும் கிடந்தன.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"மேடம் வேண்டாம்க்கா. பேரச் சொல்லுங்க."

"கேக்கணும் மேடம்."

நஸ்ரின் விட்டுவிட்டார். "கேளுங்க."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி சுகந்தின்னு ஒரு பொண்ணு. தலைப்பிரசவம். எட்டாம் மாச ஸ்கேன்ல தலை கீழன்னு இருந்துச்சு. அவ அட்டையிலயும் அப்படித்தான் எழுதியிருந்துச்சு. நானும் அதப் பாத்து அப்படியே எழுதினேன்."

"வயித்தத் தொட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. மூவாயிரம் பாத்தவளுக்கு என்ன தொட்டுப் பாக்குறதுன்னு."

நஸ்ரின் இடுப்பெலும்பை நகர்த்திவிட்டு மேஜையில் சாய்ந்துகொண்டார்.

"கடைசி நேரத்துல பாத்தா பிட்டம் வருது. ஸ்கேனுக்கு அப்புறம் புள்ள திரும்பிருச்சு. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணினா வர நாப்பது நிமிஷம் ஆகும்னாங்க. ஒருத்தி முக்கு முக்குன்னு கத்துறா. டாக்டர் ஸ்பீக்கர்ல கத்துறாரு. மாமியார் கதவத் தட்டி அழுவுறாங்க. எல்லாரும் ஏதாவது பண்ணு ஏதாவது பண்ணுன்னாங்க. பண்ணினேன். இழுத்தேன்."

"ம்."

"இடுப்பு வரைக்கும் தானா வந்த புள்ள மேடம். நான் இழுத்த ஒடனே ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிச்சு. அப்புறம் கையும் தலையும் ஒண்ணா சிக்கிருச்சு. எப்படி வெளிய எடுத்தேன்னு மட்டும் கேக்காதீங்க."

"புள்ள?"

"இருக்கா. ரித்திகான்னு பேரு. வலது கை தோளுக்கு மேல எழும்பாது. சாக்லேட் குடுத்தா இடது கைய நீட்டுவா. அவ அம்மா, சாமிகிட்ட வாங்குற மாதிரி சோத்துக் கையில வாங்குடின்னு திட்டுவா. அப்புறம் அவளே என்னைப் பாத்து, நீங்க இல்லேன்னா எம்புள்ளயே இல்ல சிஸ்டர்னு கும்பிடுவா. மாசாமாசம் கும்பிடுறா."

தமயந்தி மேஜைமேல் கிடந்த துணிக்குழந்தையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நல்லா வந்துட்டிருந்த புள்ள. அது ஏன் மேடம் கைய மேல தூக்குச்சு?"

நஸ்ரின் மூலையில் கிடந்த சக்கர ஸ்டூலைக் காட்டினார். "உக்காருங்கக்கா."

தமயந்தி உட்கார்ந்தார். நஸ்ரின் அவருக்குப் பின்னால் போய் நின்றார்.

"உங்களுக்கு எத்தன பசங்க?"

"ஒருத்தன்தான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரா..."

சொல்லி முடிப்பதற்குள் நஸ்ரின் ஸ்டூலைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தார். தமயந்தி சாயாதபடி தன் இடுப்பை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். கைப்பை தரையில் விழுந்தது.

"ஐயோ, என்ன மேடம் இது?"

"கை எங்கக்கா இருக்கு?"

தமயந்தி பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன.

வெகுநேரம் அவர் அவற்றை இறக்கவில்லை. பிறகு இறக்கி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான்கு வருஷமாக அந்தக் குழந்தைமேல் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் கோபம் இருந்தது, நீ ஏன் கையைத் தூக்கினாய் என்று. அப்படி ஒரு கோபம் இருந்ததே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நஸ்ரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அழாதீங்க என்று சொல்லவில்லை. அழுது முடிகிறவரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பத்து நாளும் பாடம் நடந்தது. நஸ்ரினுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. வலியோடு ஒரு பெண் உள்ளே வந்தால் அவளுடைய ஃபைலைக் கவிழ்த்து வைத்துவிடுவார். வயிற்றில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் ஃபைலைத் திறக்கலாம். இன்னொன்று, பிரசவத்தின்போது கண்ணுக்குத் தெரிகிறதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயத்தைச் சொல்லக் கூடாது.

துணிக்குழந்தையைப் பிட்டம் முன்னால் வரும்படி பிளாஸ்டிக் இடுப்புக்குள் திணித்து, நூறு முறையாவது வெளியே வரவைத்தார்கள். தாய் மல்லாந்து படுக்க வேண்டியதில்லை, முட்டி போட்டுக் குனிந்தால் குழந்தை தன் எடையிலேயே இறங்கும் என்று காட்டினார் நஸ்ரின். கை சிக்கினால் என்ன செய்வது என்பதையும் காட்டினார். ஒரு உள்ளங்கை குழந்தையின் நெஞ்சில், இன்னொன்று முதுகில். விரல் மடங்கக் கூடாது. குழந்தையை நடுவில் வைத்துக் கும்பிடுகிற மாதிரி. அப்படியே திருப்ப வேண்டும்.

"ஏன் விரல் மடங்கக் கூடாது?" என்று தமயந்தி கேட்டார்.

"கும்பிடுற கையால இழுத்துப் பாருங்க."

தமயந்தி இழுத்துப் பார்த்தார். முடியவில்லை.

குழந்தையின் தொப்புள் தெரிந்ததிலிருந்து எத்தனை நிமிஷம், எதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கவே கூடாது என்பதையெல்லாம் தமயந்தி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அழகான எழுத்து. பத்தாம் நாள் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் எழுதிக்கிட்டேன் மேடம். மனப்பாடமாவும் சொல்லுவேன். ஆனா அந்த நேரத்துல கை கேக்குமா?"

"நாளையிலேருந்து தலைமாட்டுல நில்லுங்கக்கா."

"தலைமாட்டுலயா? அங்க என்ன வேலை?"

"அவங்க கையப் பிடிச்சுக்கணும்."

"எத்தன நாளைக்கு?"

"சொல்றேன்."

அன்றிரவு விடுதியில் தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை. தலைமாட்டில் நின்று தண்ணீர் கொடுப்பதும் வியர்வை துடைப்பதும் அவர் ஊரில் ஆயாம்மா வேலை. இருபத்து நாலு வருஷம் கால்மாட்டில் நின்றவரை இந்தப் பெண் கையுறைகூடப் போட விடாமல் ஓரங்கட்டுகிறாள். இழுத்தவள்தானே என்று முடிவு கட்டிவிட்டாள் போல. கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்றும் நினைத்தார். டாக்டரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தங்கிவிட்டார்.

மறுநாள் காலை தலைமாட்டில் போய் நின்றார்.

முதல் இரண்டு நாள் அவர் கால்மாட்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பயிற்சிக்கு வந்திருந்த எஸ்தர் என்ற செவிலியர் கீழே நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"முக்கும்மா, முக்கு. மூச்ச விட்டுறாத. கத்தாதம்மா, கத்துனா புள்ள எப்படி வரும்? இன்னும், இன்னும், இன்னும்."

கட்டிலில் இருந்த பெண் தமயந்தியின் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னாள்.

"அக்கா, அவங்கள கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்றீங்களா? நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியல."

எஸ்தர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தமயந்திக்குப் புதிதில்லை. மூவாயிரத்துச் சொச்சம் தடவை அவரே சொன்னது. தலைமாட்டிலிருந்து அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. அவர் விரலை உதட்டில் வைத்து எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் நிறுத்தினார். அறை அமைதியானது. அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டாள், அடுத்த வலிக்குத் தானாகவே முக்கினாள்.

எட்டாம் நாள் இன்னொருத்தி, யாருக்கும் எதுவும் தெரிவதற்கு முன்னால், "இப்ப வந்துரும்" என்றாள். வந்துவிட்டது. அதன் பிறகு தமயந்தி கால்மாட்டை எட்டிப் பார்ப்பதை விட்டார். முகத்தைப் பார்த்தாலே கீழே நடப்பது பாதி தெரிந்தது. யாராவது அவசரப்பட்டுக் கை வைத்தால் அது முதலில் தெரிவதும் அந்த முகத்தில்தான்.

ஒரு மாலை நஸ்ரின் கைகழுவிக்கொண்டிருந்தபோது தமயந்தி பக்கத்துக் குழாயடியில் நின்று கேட்டார்.

"சுகந்திகிட்ட நான் சொல்லணுமா மேடம்?"

"சொல்லணும்க்கா."

"என்னன்னு சொல்றது?"

"நடந்தத."

"கேட்டா அவ என்னைக் கும்பிட மாட்டா."

"மாட்டாங்க."

குழாயை மூடிவிட்டு நஸ்ரின் சொன்னார்: "புள்ள இருக்குற வீட்டுக்கு வெறுங்கையோட போகாதீங்க."

தமயந்திக்கு முதலில் பிஸ்கட்டும் ஆப்பிளும்தான் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவரிடம் போய், நாலு வயசுக் குழந்தைக்குப் பிரசவத்திலேயே இப்படி ஆன கைக்கு இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அவர், முழுசாக வராது, பார்க்காமல் உறுதி சொல்லவும் மாட்டேன், ஆனால் தன் தலையைத் தானே சீவிக்கொள்கிற அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கலாம் என்றார். வியாழக்கிழமை தேதி போட்டு ஒரு சீட்டும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி அந்தச் சீட்டோடு சுகந்தி வீட்டுக்குப் போனார். சுகந்தி பாயை விரித்துப் போட்டு, காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தாள். ரித்திகா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தமயந்தி நடந்ததைச் சொன்னார். எட்டாம் மாச ஸ்கேனிலிருந்து ஆரம்பித்து, தான் தொட்டுப் பார்க்காததையும் இழுத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னார்.

சுகந்தி அடுப்பை அணைத்தாள்.

"கடவுள் குடுத்த கொறைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இல்லம்மா. நான்தான்."

"நாலு வருஷம் சிஸ்டர். அப்பவே சொல்லியிருந்தா நான் எங்கயாவது தூக்கிட்டு ஓடியிருப்பேன்ல."

"ஆமாம்மா."

"போயிட்டு வாங்க."

தமயந்தி சீட்டைப் பாய்மேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை யாரும் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது கைப்பையைத் திறந்து கடிதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இருந்தது.

நஸ்ரினிடம் சொன்னபோது அவர், "காப்பி குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

"உண்மையத்தான் சொல்லியிருக்கீங்க."

வியாழக்கிழமை சுகந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வராந்தாவில் தமயந்தி எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு பிசியோதெரபி அறைக்குள் போனாள். வந்தாளே என்று தமயந்தி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

மறுநாள் பயிற்சியின் முப்பத்து நாலாம் நாள். பதினொன்றரை மணிக்கு ஆட்டோவிலிருந்து ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் பிருந்தா. இரண்டாவது பிரசவம். ஆட்டோவிலேயே பனிக்குடம் உடைந்திருந்தது. ஃபைல் அவள் அம்மாவின் மஞ்சள் பைக்குள் எங்கோ இருந்தது. கட்டிலில் ஏறும்போதே அவள், "வருது, வருது" என்றாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. கால்மாட்டில் நின்ற நஸ்ரின் துணியை விலக்கிப் பார்த்தார்.

"பிட்டம்" என்றார், சாதாரணக் குரலில். "எஸ்தர், தியேட்டருக்குப் போன் போட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. குழந்தை டேபிள ரெடி பண்ணுங்க. மூச்சு குடுக்குற பையும் மாஸ்க்கும் எடுத்து வைங்க. அப்புறம் மணி சொல்றது உங்க வேலை."

எஸ்தர் போனில் பேசிவிட்டுச் சொன்னார்: "டாக்டர் ஆபரேஷன் நடுவுல இருக்காங்களாம். முடிச்சிட்டு ஓடி வர்றாங்களாம்."

தலைமாட்டில் பிருந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தமயந்திக்குச் சுகந்தி ஞாபகம் வந்தது. அதே பிட்டம்.

நஸ்ரின் நிமிர்ந்தார். "அக்கா, நீங்க இங்க வாங்க. நான் அங்க வர்றேன்."

"மேடம், நானா?"

"கையுறை போடுங்க."

இருவரும் இடம் மாறினார்கள். நஸ்ரின் பிருந்தாவிடம், குழந்தை அடிப்பக்கமாக வருகிறது, முட்டி போட்டால் அதற்கு எளிது, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னார். பிருந்தா முட்டி போட்டு நஸ்ரினின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். நஸ்ரின் அவள் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியிறதச் சொல்லுங்கக்கா" என்றார்.

"பிட்டம் வருது." தமயந்தியின் குரல் கரகரத்தது. "மலம் வந்திருக்கு. பிட்டம் அமுங்கி வர்றப்போ வர்றதுதான்."

கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். இல்லாவிட்டால் அவை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"ஒரு கால் விழுந்துருச்சு. ரெண்டாவதும். பையன். தொப்புள் தெரியுது. எஸ்தர், மணி?"

"பதினொண்ணு நாப்பத்திரண்டு."

"கொடி துடிக்குது. நிறம் நல்லா இருக்கு."

குழந்தை இனி அவர் பக்கமாகத் திரும்ப வேண்டும். நெஞ்சு அவரைப் பார்க்க வேண்டும். அடுத்த வலி வந்தது. பிருந்தா முனகினாள். வலி போனது. குழந்தை பக்கவாட்டிலேயே நின்றது.

"திரும்பல" என்றார் தமயந்தி. "நெஞ்சு எங்கிட்ட வரல. சைடுலயே நிக்குது."

இப்படித் திரும்பாமல் நின்றால் மேலே கை சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

"கை மேல இருக்கு மேடம்."

யாராவது கத்துவார்கள், ஏதாவது பண்ணு என்பார்கள் என்று அவர் காது காத்திருந்தது. யாரும் கத்தவில்லை. நஸ்ரின் கண்ணைத் திறக்கவில்லை. பிருந்தாவின் மூச்சும் சுவர்க் கடிகாரமும்தான் கேட்டன.

"நாப்பத்து மூணு" என்றார் எஸ்தர்.

இது காத்திருக்கக் கூடாத இடம். தமயந்தியின் நோட்டில் இருந்தது. நான்கு வருஷமாக இழுத்துவிடுவோமோ என்று பயந்த கைகள் இப்போது தொடவே பயந்தன. இரண்டு பயமும் ஒன்றுதான் என்று அவருக்கு அப்போது தோன்றியது. மார்பில் கட்டியிருந்த கைகளை எடுத்தார். நடுங்கின. ஒரு உள்ளங்கையைக் குழந்தையின் நெஞ்சிலும் இன்னொன்றை முதுகிலும் வைத்தார். விரல் மடங்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இதயம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் தொடுறேன் பிருந்தா. திருப்பப் போறேன். இழுக்க மாட்டேன்."

"சரிக்கா" என்றாள் பிருந்தா, நஸ்ரினின் தோளுக்குள் முகத்தை வைத்தபடியே.

திருப்பினார். குழந்தை ஒரு கணம் அடம்பிடித்தது, பிறகு உடம்போடு வந்தது. முகத்துக்கு முன்னால் முழங்கை இறங்கியது. தமயந்தி ஒரு விரலால் அதற்கு வழிகாட்டினார். கை விழுந்தது. மறுபக்கம் கொஞ்சம் திருப்ப, இரண்டாவது கை தானாகவே விழுந்தது.

"ரெண்டு கையும் வந்துருச்சு. தலை மட்டும் உள்ள இருக்கு."

குழந்தை தன் முழங்காலை மேலே இழுத்து, வயிற்றைச் சுருக்கி மடங்கியது. உள்ளே தாடையைத் தானே குனிந்துகொள்ளப் பார்க்கிறது.

"அதுவே குனியுது மேடம். அதுக்கே தெரியுது." தமயந்திக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. குழந்தையின் கழுத்தடிக் காறை எலும்புகளுக்குக் கீழே இரண்டு கட்டைவிரல்களை வைத்து, பின்பக்கமாக மெதுவாக அழுத்திக்கொடுத்தார். முகவாய், வாய், மூக்கு, நெற்றி என்று தலை வெளியே வந்தது.

"நாப்பத்தஞ்சு" என்றார் எஸ்தர்.

குழந்தை அழவில்லை. துவண்டு கிடந்தது. எஸ்தர் துணியால் முதுகைத் தேய்த்தார். ஈரத்துணியை மாற்றி மறுபடி தேய்த்தார். மாஸ்க்கை எடுக்கப் போன நேரத்தில் குழந்தை ஒரு தடவை விக்கிவிட்டு அழுதது. எஸ்தர் அதைத் துணிமேல் கிடத்தினார். கிடத்திய அதிர்ச்சியில் அது இரண்டு கைகளையும் விரித்து மேலே தூக்கியது. வலது கையையும் தூக்கியது. இடது கையையும் தூக்கியது.

தமயந்தி அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிருந்தா திரும்பிப் படுத்ததும் குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தார்கள். டாக்டர் முகக்கவசத்தோடு ஓடி வந்து, தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, "யார் பாத்தது?" என்று கேட்டார். எஸ்தர் தமயந்தியைக் காட்டினார். டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பயிற்சி அறையில் நஸ்ரின் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். அவர் கழுத்தின் இரண்டு பக்கமும் பிருந்தாவின் நகம் கீறிச் சிவந்திருந்தது. ஓரிடத்தில் ரத்தமும் கசிந்திருந்தது. தமயந்தி அதைப் பார்த்துவிட்டுப் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்தார்.

"திரும்புங்க மேடம்."

"சின்னக் கீறல்தான்க்கா."

"திரும்புங்க."

நஸ்ரின் பேனாவை வைத்துவிட்டுக் கழுத்தைக் காட்டினார். தமயந்தி பஞ்சை ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"எரியுதா?"

"கொஞ்சம்."

"என் கை நடுங்குனது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே."

"கை மேல இருக்குன்னு சொன்னேன். அப்பக்கூட நீங்க கண்ணத் தொறக்கல."

"இல்ல."

"ஒரு தடவைகூட எட்டிப் பாக்கல."

"இல்லக்கா."

தமயந்தி பஞ்சை மாற்றினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஒரு புள்ளயோட கைய ஒடிச்சவ நான். எல்லாந் தெரிஞ்சும் என்கிட்ட விட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டீங்க. பயமா இல்லயா மேடம்?"

நஸ்ரின் கழுத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்தார்.

"எதுக்குக்கா பயம்? அங்கதான் நீங்க இருந்தீங்களே."